எப்சன் வி600: பின்வரிசை முகங்களுக்கு ஏற்ற ஸ்கேனர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ் வீடுகளில் 1950-களில் எடுத்த பண்டிகைச் சாப்பாட்டுப் படம் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தீபாவளியோ கிறிஸ்துமஸோ, அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். முன்னால் வெள்ளை விரித்த மேசை, சோறு, பருப்பு, வடைத் தட்டு. சுற்றி ஆண்களும் பிள்ளைகளும். சமைத்துப் பரிமாறிய பெண்கள் பின்னால், சுவரோடு சுவராக, பாதி இருட்டில் நிற்பார்கள். ஃபிளாஷ் பல்பு கேமராவோடு ஒட்டியே இருந்தது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறைந்துவிடும். அதனால் மேசை விரிப்பு வெளுத்துப் போகும், ஆயாவின் முகம் கறுத்துப் போகும்.

அந்தப் பின்வரிசையை மீட்டுத் தருகிறதா? இப்படிப்பட்ட படங்களுக்கு ஸ்கேனர் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 பிரதிகளுக்கு, அதாவது தாளில் அச்சிட்ட படங்களுக்கு, நன்றாகவும், பெரிய நெகட்டிவ்களுக்கு அதன் விலைக்கு மிக நன்றாகவும் இதைச் செய்கிறது. 35 மி.மீ. சுருள்களுக்குச் சுமார்தான்.

பெட்டியின்மேல் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். படுக்கைக் கண்ணாடி ஸ்கேனர் எதுவும் அந்த எண்ணுக்கு உண்மையான நுணுக்கம் தருவதில்லை. இது தருவது ஏறக்குறைய அதில் கால் பங்கு. 35 மி.மீ. சுருளின் 24×36 மி.மீ. சட்டத்துக்கு அது போதாது. ஆனால் அந்தக் காலத்து வீட்டுப் படங்களில் பெரும்பகுதி கோடக்கின் பிரௌனி போன்ற எளிய கேமராக்களில், 620 அல்லது 120 சுருளில் எடுத்தவை. அந்த நெகட்டிவ் 6×6 செ.மீ., இல்லையென்றால் 6×9 செ.மீ. 6×6 சட்டத்தை 2400 டிபிஐ-யில் வைத்தால் பக்கத்துக்கு 5,300 புள்ளிகள் வரை கிடைக்கும். பின்வரிசையில் நிற்பவர் மூக்குத்தி போட்டிருக்கிறாரா என்று பார்க்க அது தாராளம். அதற்கு மேல் ஏற்றினால் கோப்பு பருக்கும், படம் தெளியாது.

வீட்டில் பிரதியும் நெகட்டிவும் இரண்டும் இருந்தால் நெகட்டிவையே ஸ்கேன் செய்யுங்கள். பிரதியில் கறுத்து அடைத்துக் கிடக்கும் இருட்டுப் பகுதி, நெகட்டிவில் மெல்லியதாக, வெளிச்சம் எளிதில் ஊடுருவும்படி இருக்கும். அங்கே ஒளிந்திருக்கும் முகம் ஸ்கேனருக்குக் கிடைக்கும். திணறுவது மறுபுறத்தில்தான்: வெள்ளை விரிப்பும் வெள்ளை வேட்டியும் நெகட்டிவில் அடர்ந்த கறுப்பு. எவ்வளவு அடர்ந்த கறுப்பு வரை ஸ்கேனர் படிக்கும் என்பதே அடர்த்தி எல்லை. வி600-க்கு எப்சன் சொல்வது 3.4, அதை நெருங்கும்போது புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தெரியும். விரிப்பில் கொஞ்சம் இரைச்சல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், முகங்கள் வந்தால் போதும்.

நெகட்டிவுக்கான அமைப்பு: 16-பிட் சாம்பல் நிறம், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை நிறுத்துங்கள். அது படத்தின் பெரும்பகுதியான மேசையைப் பார்த்தே கணக்குப் போடும், பின்சுவரைக் கறுப்பில் அமுக்கிவிடும். படத்தின் இருட்டு, வெளிச்ச அளவுகளை வளைவாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் திரையில் இரண்டு முனைகளையும் வளைவுக்கு வெளியே தள்ளி வையுங்கள். வரும் படம் மங்கலாக, சப்பையாகத் தோன்றும், அதுதான் சரி. மாறுபாட்டைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஸ்கேனில் வெட்டுப்பட்டது திரும்பி வராது.

டிஜிட்டல் ஐஸ் என்ற தூசி நீக்கும் வசதியை நம்பித்தான் பலர் இந்தக் கருவியை வாங்குகிறார்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் அது வேலை செய்யாது. அகச்சிவப்புக் கதிரை விட்டுத் தூசியைத் தேடும் முறை அது. வண்ணச் சுருளின் சாயம் அந்தக் கதிரை விட்டுவிடும், கறுப்பு வெள்ளையின் வெள்ளித் துகள் மறித்துவிடும். கருவிக்குத் துகளும் தூசியும் ஒன்றாகவே தெரியும், முகத்தையே அரித்துவிடும். அணைத்துவிட்டு ரப்பர் ஊதியாலும் மென்மையான தூரிகையாலும் துடையுங்கள். தண்ணீரும் கண்ணாடி துடைக்கும் திரவமும் படத்தின் பக்கமே வரக்கூடாது.

நெகட்டிவின் பளபளப்பான முகம் கீழே பார்க்க வேண்டும். மூடியின் உள்ளே இருக்கும் வெள்ளை மெத்தையைக் கழற்ற மறந்தால் வெறும் இருட்டுத்தான் வரும். சுருண்டு கிடக்கும் நெகட்டிவ், அதைப் பிடிக்கும் சட்டத்தின் நடுவே தொய்ந்து, ஓரம் கூராகவும் நடு மங்கலாகவும் விழும். இந்தக் கருவிக்குக் குவியத்தை மாற்றும் வசதி கிடையாது. எனவே அமிலமற்ற தாளுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களின் கீழ் ஒரு வாரம் போட்டுவைத்தபின் எடுங்கள். நேராகக் கண்ணாடிமேல் வைத்தால் எண்ணெய்ப் படலம்போல வானவில் வளையங்கள் விழும். முன்னோட்டத்தில் சிறுபடக் (தம்ப்நெயில்) காட்சியையும் அணைத்துவிடுங்கள். அது தானாகவே ஓரத்தை வெட்டும், ஓரத்தில்தான் கதவோரம் நிற்கும் அத்தை இருப்பார்.

சுவரையும் வெட்டாதீர்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-இன் குழு வாழிடச் சட்டத்துக்குப்பின், டர்பனின் கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் பகுதிக் குடும்பங்கள் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்டன. அந்தப் பழைய வீடுகளின் உள்பக்கம், சாமி படம் மாட்டியிருந்த மூலை, பிரைமஸ் அடுப்பு வைத்த பலகை எல்லாம் பல குடும்பங்களுக்கு இந்தப் படங்களின் பின்னணியில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

நெகட்டிவ் தொலைந்து, பிரதி மட்டும் இருக்கும் வீடுகள்தான் அதிகம். அலை அலையாக வெட்டிய ஓரமுள்ள சின்னப் பிரதிகள் பல, நெகட்டிவை அப்படியே தாளில் ஒற்றி எடுத்தவை. அவற்றுக்கு 1200 டிபிஐ வீண் இல்லை. பெரிதாக்கிய பிரதிக்கு 600 போதும். கறுப்பு வெள்ளைப் பிரதியையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறை படிந்திருந்தால் பிறகு படத் திருத்து மென்பொருளில் சிவப்பு அலைவரிசையை மட்டும் எடுத்தால் கறை பெருமளவு மறையும். மை ஊறிய பின்பக்கம் முன்னால் தெரிந்தால் பிரதிக்கு மேலே கறுப்பு அட்டை ஒன்றை வையுங்கள். பின்பக்கத்தைத் தனியாக ஒரு முறை ஸ்கேன் செய்யத் தவறாதீர்கள்.

டர்பனின் கடற்கரை ஈரத்தில் வைத்த பிரதிகளுக்கு ஒரு தனி நோய் உண்டு. இருண்ட பகுதிகளிலும் ஓரங்களிலும் வெள்ளி மேலெழும்பி நீலக் கண்ணாடிபோல மின்னும். பின்வரிசை இருக்கும் இடமே இருண்ட பகுதி என்பதால் அடி விழுவதும் அங்கேதான். வி600-இன் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுவதால் அந்த மினுமினுப்பைத் தவிர்க்க அதில் வழியில்லை. அத்தகைய படத்தைக் கேமராவால், இருபுறமும் 45 பாகை சாய்வில் விளக்கு வைத்து எடுப்பதே மேல். சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை ஒருபோதும் உரிக்காதீர்கள். கண்ணாடியோடு ஸ்கேன் செய்யலாம். வெளிச்சம் பட்டு மின்னினால் கூகுள் போட்டோஸ்கேன் செயலி கைகொடுக்கும். நான்கு கோணத்தில் எடுத்துப் பளிச்சை நீக்கும். நுணுக்கம் குறைவு, அவசரத்துக்கு ஆகும்.

கறுப்புத் தாள் ஆல்பங்கள் பல ஏ4-ஐவிடப் பெரியவை. கண்ணாடியைச் சுற்றி உயர்ந்த விளிம்பு இருப்பதால் பக்கம் தட்டையாக உட்காராது. படத்தை மூலைக் கொக்கியிலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். பசையால் ஒட்டியிருந்தால் விட்டுவிட்டு மேலிருந்து கேமராவால் எடுங்கள்.

கருவியோடு வரும் மென்பொருளின் 'நிற மீட்பு' வசதி, பச்சைநீலச் சாயம் வெளிறிச் சிவந்துபோன பழைய வண்ணப் பிரதிகளுக்கு ஒரு தொடக்கம். கறுப்பு வெள்ளைக்குத் தானாகவே வண்ணம் பூசும் செயலிகளை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். கோடக்கின் வெரிக்ரோம் சுருளுக்குச் சிவப்பு தெரியாது. 1956-இல் வெரிக்ரோம் பான் வந்த பிறகே நிலைமை மாறியது. அதற்கு முந்தைய வெரிக்ரோம் படத்தில் குங்குமம் கரும்புள்ளியாக விழும், அரக்குச் சேலை கறுப்பாக விழும். அந்தச் சேலைக்குச் செயலி கருநீலம் பூசினால், அடுத்த தலைமுறை அதையே உண்மை என்று நம்பும்.

கடையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால் மூன்று கேள்விகள்: எத்தனை டிபிஐ, டிஃப் தருவீர்களா, ஓரத்தை வெட்டுவீர்களா. '300, ஜேபெக், அழகுபடுத்தித் தருவோம்' என்று பதில் வந்தால் படங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெயர் எழுதும்போது 'பெரியம்மா', 'சின்னத்தாத்தா' என்று மட்டும் போடாதீர்கள். யாருக்குப் பெரியம்மா என்பது இரண்டு தலைமுறையில் குழம்பிவிடும். பெயர், யாருடைய மகள், எந்த இடம் என்று இடமிருந்து வலமாக, பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள். முன்வரிசையில் உட்கார்ந்தவர்களை எப்படியும் யாராவது அடையாளம் சொல்லிவிடுவார்கள்.

எதை முதலில் எடுப்பது என்பதை மூக்கு சொல்லும். நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் சுருளின் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. வெப்பமும் ஈரமும் அதை இன்னும் விரட்டும். அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து பிரித்து, அதையே முதலில் ஸ்கேனரில் வையுங்கள்.