காவேரிப்பட்டணம் வியாழக்கிழமைத் தாய்மார் கூட்டம்: ஐந்து மாதம் போய் வந்த அனுபவம்

என் மகள் பிறந்த 12-ஆம் நாள், அத்தையையும் அழைத்துக்கொண்டு, தாய்ப்பால் கொடுக்க உதவும் இந்தக் கூட்டம் நடக்கிற வீட்டுக்கு முதன்முதலாகப் போனேன். இப்போது அவளுக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. இடையில் மூன்று வியாழக்கிழமைதான் தவறியிருக்கும். கிருஷ்ணகிரி பக்கம் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு, அதிலும் என் மகளைப் போல டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவருடைய வீட்டின் முன்னறைதான் இடம். எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. துணைக்கு இரண்டு அக்காக்கள், இருவரும் தாய்மார்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் கூட்டத்தை வியாழனில் வைத்திருக்கிறார்கள். ஊசி போட்ட மறுநாள் சிணுங்கிக்கொண்டு பால் குடிக்காத குழந்தைகள் நிறைய வரும். காசு வாங்குவதில்லை.

நான் போனபோது இருந்த நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மகள் பிறந்தபோது 2.3 கிலோ. கையில் தூக்கினால் துவண்டு விழுவாள். டவுன் சிண்ட்ரோம், அதாவது 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அந்த மருத்துவமனையில் ஒரு சிஸ்டர், "இந்த மாதிரிக் குழந்தைங்களால சப்ப முடியாதும்மா, பாட்டிலே பழக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாட்டில் கொடுத்தால் பால் மளமளவென்று வாயில் இறங்கிப் புரையேறியது. மார்பில் வைத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவாள். எனக்கும் பால் குறைய ஆரம்பித்தது. 12-ஆம் நாள் நர்ஸம்மா வீட்டுத் தராசில் 2.08 கிலோ. சாதாரணமாக முதல் சில நாளில் குறைகிற எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இவளுக்கு இன்னும் ஏறத் தொடங்கவே இல்லை.

நர்ஸம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நான் பால் கொடுப்பதை இருபது நிமிடம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து மாற்றி வைத்தார். கடைசி மூன்று விரல் மார்பைக் கீழிருந்து தாங்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்னால் வந்து, குழந்தையின் தாடையைக் கிண்ணத்தில் வைத்ததுபோல ஏந்திக்கொண்டு, இரண்டு கன்னத்தையும் மெதுவாக அணைக்க வேண்டும். இந்தக் குழந்தைகளுக்குத் தசையில் இறுக்கம் குறைவு. தாடை தொங்கும், நாக்கு வெளியே தள்ளும், பிடி நழுவும். தாடைக்கு ஒரு தாங்கல் கிடைத்தால் சப்புகிற வேலையை மட்டும் அது பார்த்துக்கொள்ளும் என்றார். உடம்பை என் அக்குள் பக்கமாகப் படுக்க வைத்து, தலை கொஞ்சம் உயரமாக இருக்கும்படி தலையணை கொடுத்தார். சப்புவதை நிறுத்தும்போதெல்லாம் மார்பை லேசாக அழுத்திவிடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் 'க்ளுக்' என்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அதுவரை அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அத்தைதான் முதலில் அழுதார்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த ஆறு வாரம் கடினமான வேலை. தானாகப் பசித்து அழ மாட்டாள், அதனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுப்ப வேண்டும். சட்டையைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்தால் கண் திறப்பாள். குடித்து முடித்ததும் மீதிப் பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்ட வேண்டும். பின்னால் வருகிற பாலில்தான் கொழுப்பு அதிகம், எடை ஏறுவது அதில்தான். ராத்திரி பீய்ச்சுவதை மட்டும் விட்டுவிடாதே என்பார் பெரிய அக்கா, பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகமாம். ஆறாவது வாரம் 2.75 கிலோ. பாலாடையைக் கழுவி அலமாரியில் வைத்தது மூன்றாம் மாதம்.

இந்தக் கூட்டத்தின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை வந்தது வேறொரு விஷயத்தில். ஐந்தாவது வாரம், பால் குடிக்கும்போது அவள் நெற்றி வியர்த்து, மூச்சு வேகமாக வாங்கியது. நான் புழுக்கம் என்று நினைத்தேன். நர்ஸம்மா துணியை விலக்கி நெஞ்சைப் பார்த்துவிட்டு, "இது பால் சமாச்சாரம் இல்லம்மா, இன்னைக்கே இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கணும்" என்றார். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும், பிறந்த உடனே எக்கோ பார்த்திருக்க வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஓட்டை இருந்தது. இப்போது மருந்தில் இருக்கிறாள். எல்லாவற்றையும் தாய்ப்பாலே பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்களாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தைராய்டு பரிசோதனைக்கும், மாவட்ட அரசு மருத்துவமனையில் தசைப் பயிற்சிக்கும் அனுப்பி வைத்தவர்களும் இவர்கள்தான்.

பெரியவர்களிடம் பேசுகிற விதமும் எனக்குப் பிடித்தது. அத்தை கழுதைப்பால் புகட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நர்ஸம்மா திட்டவில்லை. "உங்க காலத்துல நீங்க எத்தனை வயசு வரைக்கும் பால் குடுத்தீங்க?" என்று கேட்டு அரை மணி நேரம் பேசவிட்டார், அப்புறம்தான் ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம் என்பதை விளக்கினார். சுறாப்புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பிடட்டும், ஆனால் பால் காலியானால்தான் பால் ஊறும் என்றார். அதற்குப் பிறகு என்னைப் பத்தியம் என்று பட்டினி போடுவது நின்றது. களியும் கீரைக்கடைசலும் வயிறாரச் சாப்பிட்டேன்.

குறைகளும் உண்டு. மாம்பழ சீசனில் மாம்பழக்கூழ் ஆலை வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலையில் வர முடியாது. மாலையில் ஒரு மணி நேரமாவது வைக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். பத்துப் பேருக்கு மேல் வந்துவிட்டால் முன்னறை போதாது. முக்கியமான வருத்தம் ஒன்று: சின்ன அக்கா ஒருநாள், "பால் வராத தாய்னு யாருமே கிடையாது" என்றார். மார்பில் அறுவை செய்துகொண்டு, டாக்டர் சொல்லிப் பால் பவுடர் கொடுக்கும் ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. நர்ஸம்மா பிறகு அவள் வீட்டுக்கே போய்ப் பேசினார் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் அந்த வார்த்தை சபையில் வந்திருக்கக் கூடாது.

பால் பவுடர் கம்பெனிகளிடம் எதையும் வாங்குவதில்லை என்பதில் மட்டும் கறாராக இருக்கிறார்கள். பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வதையும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

போகிறவர்கள் மருத்துவமனைச் சீட்டு, ஒரு பாலாடை, இரண்டு துண்டு எடுத்துப் போங்கள். டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாது, அந்தச் செலவும் இல்லை. மாமியாரோ அம்மாவோ, ராத்திரி குழந்தையை வாங்கிப் பிடிக்கிறவர் யாரோ அவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். பத்தரைக்குள் போய்விடுவது நல்லது. தராசு அங்கன்வாடியில் இரவல் வாங்கியது, பன்னிரண்டு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.