ஜெர்மனியில் முதல் 2 வாரம்: உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குவதா, மாணவர் விடுதியா?

சென்னையிலிருந்து படிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது வாடகையைத்தான். வந்து இறங்கியதும் அதைவிட அவசரமானது முகவரிப் பதிவு. குடியேறிய 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் நடக்காது. குடும்பத்தோடு தங்கினால் அன்றே கேட்டு வாங்கிவிடலாம். விடுதியில் அலுவலகம் திறக்கும்வரை காத்திருக்கணும். சனிக்கிழமை இரவு போய் இறங்கினால் அறைச் சாவி கிடைப்பதே கஷ்டம். மறுநாள் ஞாயிறு, கடைகளும் மூடியிருக்கும். பல விடுதிகளில் தலையணை, போர்வை தருவதில்லை. ஒரு மெல்லிய போர்வையைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப வீட்டில் பிள்ளைகள் தடுமாறும் இடம் குளியலறை. நம் வீடு மாதிரி தரையில் தண்ணீர் போக வழி பெரும்பாலும் இருக்காது. குளியல் தொட்டிக்குள் நின்று, திரையின் கீழ்விளிம்பைத் தொட்டிக்கு உள்பக்கம் விட்டுக் குளிக்க வேண்டும். வெளியே தொங்கினால் தண்ணீர் அதன் வழியே இறங்கித் தரையில் தேங்கும், மரத்தரையாக இருந்தால் ஊறி உப்பிவிடும்.

சாப்பாட்டில் விடுதியே மேல். தாளிப்பு வாசனைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். குடும்பத்தில் இரவு பெரும்பாலும் ரொட்டியும் சீஸும்தான். சைவம் என்று மட்டும் சொன்னால் முட்டை வரும், முட்டை வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பரிசாகப் பால்கோவா, நெய் மைசூர்பாகு வேண்டாம். பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியச் சுங்கத்தில் அனுமதிப்பதில்லை. கடலை மிட்டாய் போதும்.

ஜெர்மன் பேச்சு இன்னும் தயங்கித் தயங்கி வருகிறதா? குடும்பத்தையே தேர்ந்தெடுங்கள்.