கயாக்கில் கொண்டுபோகும் கருவிகள்: ஐபிஎக்ஸ்7 எதுவரை காப்பாற்றும்?

முட்டுக்காடு உப்பங்கழியிலும் கோவளம் கடலிலும் சில வருடங்களாகக் கயாக் என்ற ஒல்லியான துடுப்புப் படகு ஓட்டுகிறேன். கையடக்க ஜிபிஎஸ், செல்போன், நெற்றி விளக்கு மூன்றும் கூடவே வரும். மூன்றின் பெட்டியிலும் ‘வாட்டர்புரூஃப்’ என்றுதான் போட்டிருந்தது. இன்றைக்கும் ஒழுங்காக வேலை செய்வது ஜிபிஎஸ் மட்டும்.

பெட்டியில் போடும் ஐபிஎக்ஸ்7 என்பது, கருவிக்குள் தண்ணீர் புகுமா என்று பார்க்கும் ஒரு ஆய்வகச் சோதனை. 1 மீட்டர் ஆழத்தில் நல்ல தண்ணீரில் 30 நிமிடம் சும்மா கிடந்தால், கெடுதல் செய்யும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது. பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்கு ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 என்று தனிச் சோதனைகள் உண்டு. 7 வாங்கிவிட்டதால் 6-இலும் தேறியிருக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டிலும் தேறியிருந்தால் இரண்டு எண்களும் பெட்டியில் இருக்கும். கோவளத்தில் அலையைத் தாண்டி வெளியே போகும்போது மேலே வந்து அறைகிற தண்ணீருக்கு 7 மட்டும் போதாது.

அப்புறம் வெயில். அந்தச் சோதனையில் கருவிக்கும் தண்ணீருக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. நம் ஊர் மதிய வெயிலில் கறுப்புக் கருவி ஒன்று 50 டிகிரிக்குச் சூடாகியிருக்கிறது என்று வையுங்கள். கயாக் கவிழ்ந்து அது 28 டிகிரித் தண்ணீரில் விழுந்தால், உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து அழுத்தம் 7 சதவீதம் போலக் குறையும். கணக்குப் போட்டால் இன்னும் 70 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கியதற்குச் சமம். மேலேயே மிதந்தாலும் கருவி தண்ணீரை உள்ளே இழுக்கப் பார்க்கும். இதனால் கருவியைத் துணிக்கடியில் நிழலில் வைக்கிறேன்.

நெற்றி விளக்கு போனது பேட்டரி மூடி வழியாக. ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தால் போதும். ஸ்பிரிங் பச்சை பூத்து, தொட்டதும் உடைந்துவிட்டது. செல்போன் ஐபி68, அதாவது தூசி புகாது, தண்ணீரில் மூழ்குவதற்கு 7-ஐ விடக் கடுமையான சோதனையில் தேறியது. கடை ஒன்றில் பேட்டரி மாற்றிய பிறகு அடுத்த நனைதலிலேயே போய்விட்டது. போனைத் திறந்தால் ஓரத்துப் பசை அடைப்பு பிய்ந்துவிடும். அதைப் புதிதாக ஒட்டிச் சோதிக்காதவரை 68-க்கு அர்த்தமே இல்லை. இதை ஒவ்வொரு கடையும் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பதையும் விட்டுவிடுங்கள். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருக்கும். சென்னைக் காற்றின் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். கடல்நீர் புகுந்துவிட்டால் உடனே அணைத்து, பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதுதான் வழி.

ஜிபிஎஸ் தப்பித்ததற்குக் காரணம் அதன் அமைப்பு. ஒரே மூடி, அழுத்தும் பட்டன்கள், மிதக்கும் உடல். தொடுதிரை உப்புத் தண்ணீர் பட்டால் தானாகவே எதையாவது திறக்கும். ஈரக் கையோடு வழி பார்க்க பட்டன்தான் சரி. கரைக்கு வந்ததும் மூடியைத் திறக்காமலே நல்ல தண்ணீரில் அலசுகிறேன். காய்ந்த பிறகு திறந்து, வளையத்தைத் துடைத்து, மெலிதாக சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன்.

புதிய போன் இப்போது தண்ணீர் புகாத உறைக்குள்தான் கூட வருகிறது. உறை வாங்கினால் முதலில் உள்ளே டிஷ்யூ மட்டும் வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றி, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். விலை கூடிய உறை ஒன்று இதில் ஓரமாகக் கசிந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.