கலை வகுப்புக்கு வில்லியனூர் களிமண்: வாங்கலாமா?

கலை வகுப்புக்குக் கடையில் விற்கும் கலர் க்ளே வாங்குவதா, குயவரிடம் மண் வாங்குவதா? ஒன்றாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கு மண்தான். க்ளே பெட்டியைப் பங்குபோட்டால் ஆளுக்கு ஓர் உருண்டை கிடைக்கும். அதில் பாம்பு, பூ, பழம் தாண்டி எதுவும் வராது. இரண்டாம் நாளே எல்லா நிறமும் கலந்து பழுப்பாகிவிடும். மண்ணைக் கை நிறையக் கொடுத்தால் படகு வரும், மாடி வீடு வரும், பிடிக்காவிட்டால் நசுக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். தாளில் தப்பாக விழுந்த கோடு இப்படி மறையாது.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பட்டறையில் பிசைந்த மண்ணாகவே கேளுங்கள். கட்டியாக வாங்கினால் ஊறவைத்து, வடிகட்டி, பிசைய இரண்டு மூன்று நாள் போய்விடும். ஒரு பிள்ளைக்கு 400 கிராம். 35 பேருக்கு 14 கிலோ. ஒட்டுவதற்கான குழம்புக்கும் சேர்த்து 15 கிலோ. வாங்கும்போதே தூண்டில் நரம்பால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கல்லும் வேர்த்துண்டும் இருந்தால் அந்த வெட்டில் தெரிந்துவிடும்.

பதம் பார்க்க, பென்சில் கனத்தில் திரி உருட்டி விரலில் சுற்ற வேண்டும். வெடித்தால் தண்ணீர் போதாது, விரலில் ஒட்டினால் அதிகம். பிள்ளைகள் வேலை செய்ய மேசைமேல் பழைய சாக்குத் துணி விரியுங்கள். செய்தித்தாள் ஈரத்தில் ஊறி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

அடிக்கடி வரும் புகார், யானையின் தும்பிக்கை மறுநாள் கழன்று விழுந்தது என்பது. மண் காயும்போது சுருங்கும். ஈரமான துண்டை, காயத் தொடங்கிய உடம்பில் வெறுமனே ஒட்டினால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. ஒட்டும் இரண்டு பக்கத்தையும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, தோசை மாவுப் பதத்தில் கரைத்த மண்ணைத் தடவி, அழுத்தி ஒட்டினால் நிற்கும். விரல் கனத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. குண்டு யானையை அடியிலிருந்து கரண்டியால் குடைந்துவிடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் ஆவியாகி வெடிக்கும், பக்கத்தில் உள்ளதையும் உடைக்கும். பிள்ளைகள் செய்ததைச் சுட்டுத்தரக் குயவர் தயங்குவது இதனால்தான். முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

நிழலில் ஒரு வாரம் காய வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மேல்பக்கம் சீக்கிரம் இறுகி விரிசல் விடும், அதனால் தாள் மூடி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கடலோரக் காற்றுக்குப் பத்து நாள்கூடப் போதாது. சுடாத பொம்மைக்குப் போஸ்டர் கலரைக் கெட்டியாகவே பூசுங்கள். தண்ணீர் கூடினால் மண்ணே கரையும்.

மண்ணின் அருமையைக் கெடுப்பது பெரும்பாலும் மேசைமேல் வைக்கும் மாதிரிதான். அச்சுப் பிள்ளையாரை வைத்தால் 35 பிள்ளையார் வருவார், ஒன்றுபோலவே. "மழை நாளில் உங்கள் தெருவில் என்ன இருக்கும்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்குங்கள். கோணலாக நிற்கும் தென்னையை நிமிர்த்த ஆசிரியர் கை நீளக் கூடாது. (நீளும், அதுதான் சிரமம்.) 40 நிமிடப் பாடவேளை போதாது. முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் பிசைந்து விளையாடவே போகும், அதை விட்டுவிடுங்கள். இரண்டு பாடவேளையைச் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

குறை என்றால் கனமும் அழுக்கும். கையைக் குழாயடியில் கழுவினால் சாக்கடை அடைக்கும். வாளியில் கழுவி, தெளிந்த நீரை இறுத்தால் அடியில் படிந்த மண் ஒட்டும் குழம்புக்கு ஆகும். மீந்த மண்ணை ஈரச்சாக்கில் சுற்றி பிளாஸ்டிக் பையில் கட்டிவையுங்கள். சில வாரத்தில் லேசாக நாற்றம் வரும், பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். கெட்டுப்போனது என்று கொட்டிவிட வேண்டாம். புளித்த மண் இன்னும் நன்றாக இழையும்.