உவர்மலைப் பயிற்சிக்கூடமும் அதன் படச்சுவரும்

திருகோணமலை உவர்மலையில் என் மகன் மூன்று மாதமாகச் செல்லும் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில், பயிற்சியைவிட என்னைக் கூடுதலாக ஈர்த்தது வாசலுக்கு நேரேயுள்ள படச்சுவர்தான். வீரர்களைக் கௌரவிக்கும் புகழ்க்கூடம் என்ற எண்ணம் எப்படி உருவானது என்பதை அங்கே தமிழிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

1954இல் 'த ரிங்' என்னும் குத்துச்சண்டைச் சஞ்சிகையின் ஆசிரியர் நாட் ஃபிளைஷர் தொடங்கிய புகழ்க்கூடப் பட்டியலில் ஜாக் டெம்ப்சி, ஜோ லூயிஸ், ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் ஆகியோர் முதல் ஆண்டிலேயே இடம்பெற்றதை ஒரு தாள் சொல்கிறது. அடுத்த தாள்தான் சுவையானது. நியூயோர்க் மாநிலத்தில் வெங்காயச் செய்கைக்குப் பெயர்பெற்ற கனஸ்டோட்டா என்னும் சிற்றூர், தன் மண்ணின் உலகச் சாம்பியன்களான கார்மன் பசிலியோவையும் அவருக்கு மருமகன் முறையான பில்லி பேக்கஸையும் கௌரவிக்க 1980களில் நிதி திரட்டிக் காட்சியகம் ஒன்றை அமைத்தது. அந்த முயற்சியே வளர்ந்து 1989இல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ்க்கூடமாகத் திறக்கப்பட்டு, 1990இல் முகமது அலி உள்ளிட்ட முதல் தொகுதியினரைச் சேர்த்துக்கொண்டது. பசிலியோவின் தந்தையும் வெங்காய விவசாயிதான். நிலாவெளிப் பக்கம் வெங்காயம் செய்பவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

குறைகளும் உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் தாள்களின் ஓரங்கள் சுருண்டுவிட்டன. பேக்கஸின் படத்தில் முகம் இருக்கும் இடத்திலேயே பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பொதுக் கையுறைகள் வியர்வை நாற்றம் வீசுவதால், சொந்தமாக ஒரு சோடி வாங்கிக்கொண்டு போவது நல்லது. பயிற்றுநர்களோ பொறுமைசாலிகள், கால் வைக்கும் முறை சரியாகும்வரை பையைக் குத்த விடுவதில்லை.