ஏ7 த்ரீ கையில இருக்கு, ஏ7 ஃபோருக்கு மாறணுமா? மலையகத்துல படம் எடுக்குறவன் பார்வையில

சோனி ஏ7 ஃபோர் கெமரா பொடிய (லென்ஸ் இல்லாத வெறும் கெமரா) போன கல்யாண சீசன்ல அப்பப்ப வாடகைக்கு எடுத்து, என்னோட பழைய ஏ7 த்ரீயையும் பக்கத்துலயே வச்சு வேலை செஞ்சேன். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் படம் எடுக்குற தம்பிமார் நெறைய பேரு "அண்ணே மாத்தலாமா"ன்னு கேக்குறாங்க, ஆளாளுக்கு தனித்தனியா வொய்ஸ் போட்டு முடியல, அதான் எழுதுறேன். முடிவ முதல்லயே சொல்லிடுறேன். போட்டோ, ஆல்பம் மட்டும்னா மாத்தாதீங்க. வீடியோல தான் பாதி வருமானம்னா மாத்தலாம், ஆனா அப்ப லெப்டொப்பையும் சேத்து கணக்கு போடணும், அங்க தான் பலபேருக்கு இடிக்கும்.

விலைய பாப்போம். ஏ7 த்ரீ 2018 பெப்ரவரில வந்தப்ப அமெரிக்காவுல பொடி மட்டும் 1,999 டொலர், அன்னைக்கு டொலர் 155 ரூபா பக்கம், நம்ம காசுக்கு மூணு லட்சத்து பத்தாயிரம் கிட்ட. ஏ7 ஃபோர் 2021 ஒக்டோபர்ல வந்துச்சு, 2,499 டொலர். டொலர்ல பாத்தா கால்வாசி தான் கூட. ஆனா 2022ல ரூபா விழுந்ததுக்கு அப்புறம் டொலர் 300ன்னு வச்சாலே ஏழரை லட்சம், 2024 ஜனவரில இருந்து வற் வரி 18 வீதம், அதையும் போட்டா எட்டே முக்கால தாண்டுது. இது வெளியிட்ட விலைய வச்சு போட்ட கணக்கு தான், கடைல ஆளுக்கொரு விலை சொல்லுவாங்க. ஆனாலும் சோனிக்காரன் கால்வாசி கூட்டுனது நம்ம கைக்கு வரும்போது ரெண்டு மடங்குக்கு மேல ஆயிருச்சு பாருங்க.

அந்த காச யாருகிட்ட இருந்து எடுக்குறது? நமக்கு ஓடர் தர்றது பெரும்பாலும் தோட்டத்து குடும்பங்க. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு எத்தன வருஷ போராட்டம், அது 2021ல தான் வந்துச்சு, 1,350 ஆனது 2024ல. அந்த வீட்டு பெரியவர்கிட்ட போய் "ஐயா நான் பொடி மாத்திட்டேன், பெக்கேஜ் கூடிருச்சு"ன்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. அதனால புது பொடி போட்ட காச தானா சம்பாதிக்கணும், இல்லாட்டி வேணாம், இப்பிடி தான் நான் பாக்குறேன்.

போட்டோ விஷயம் சீக்கிரம் முடிஞ்சிரும். பழசு 24 மெகாபிக்சல், புதுசு 33. நாம போடுற 12க்கு 36 ஆல்பத்துல ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம், 300 டிபிஐல (அங்குலத்துக்கு 300 புள்ளி) பிரிண்ட் பண்ண 5400க்கு 3600 பிக்சல் போதும். ஏ7 த்ரீ 6000க்கு 4000 குடுக்குது. முடிஞ்சிச்சு. தூரத்துல நின்னு எடுத்துட்டு அப்புறம் வெட்டுற பழக்கம் இருந்தா 33 உதவும், மத்தபடி ஹார்ட் டிஸ்க் தான் சீக்கிரம் நெறையும். இருட்டுலயும் பெரிய வித்தியாசம் இல்ல. மாசி மாசம் காமன் கூத்துக்கு தீப்பந்த வெளிச்சத்துல ஐஎஸ்ஓவ (சென்சரோட வெளிச்ச உணர்திறன்) 6400, 12800ன்னு கூட்டி ரெண்டுலயும் எடுத்து, ஒரே சைஸுக்கு கொண்டுவந்து வச்சு பாத்தேன், எது எதுன்னு எனக்கே தெரியல. அதுக்கு எஃப் 1.8 மாதிரி வெளிச்சம் நெறைய உள்ள விடுற லென்ஸ் ஒண்ணு வாங்குனா அதோட பிரயோசனம் பல மடங்கு.

ஃபோகஸ்ல வித்தியாசம் இருக்கு, அத மறைக்க மாட்டேன். ஏ7 த்ரீக்கு 2019 ஏப்ரல்ல வந்த 3.0 அப்டேட்டுக்கு அப்புறம் கண்ண நல்லாவே புடிக்கும், ஆனா மாலை மாத்தும்போது மாலை மூஞ்சிய மறைச்சிருச்சுன்னா பின்னால நிக்கிற மாமாவோட கண்ணுக்கு தாவிரும். ஃபோர்ல ட்ரெக்கிங் புதுசு, ஆள விடாம ஒட்டிக்கிட்டே இருக்கு, மாலை எறங்குன ஒடனே திரும்ப அதே கண்ணு. இருட்டுல ஃபோகஸ் புடிக்கிறதும் ஒரு ஸ்டொப் கூட, அதாவது பாதி வெளிச்சம் இருந்தாலே போதும். ஓமப்புகைக்குள்ளயும் பரவால்ல. ஆனா மூடுபனி எறங்கிருச்சுன்னா ரெண்டும் ஒண்ணு தான், தேயிலை மலைல கப்பிள் ஷூட் பண்றப்ப முன்னுக்கு பின்னுக்கு தேடிக்கிட்டே இருக்கும், கொன்ட்ராஸ்ட் இல்லாத எடத்துல எந்த கெமராவும் என்ன பண்ணும். பொண்ணோட சேலை பார்டர்ல பொயின்ட வச்சு புடிங்க, அதுக்கு லட்சம் செலவு இல்ல.

இப்ப வீடியோ. இங்க தான் ஃபோர் தனியா தெரியுது. த்ரீல 4கே 30 (செக்கனுக்கு 30 ஃப்ரேம்) வரைக்கும் தான், அந்த 30லயும் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், 8 பிட், வீடியோ ஓடும்போது கண் ஃபோகஸ் கெடையாது, மூஞ்சி மட்டும் தான். ஃபோர்ல வீடியோலயும் கண்ணு புடிக்குது, 10 பிட் 4:2:2 (கலர் விபரம் கூடுதலா பதியிற முறை), 4கே 60 இருக்கு. நம்ம ஊருக்கு இந்த 10 பிட் ரொம்ப முக்கியம்னு நான் சொல்லுவேன், ஏன்னா நம்ம பேக்ரவுண்ட் பாதி நேரம் பனி. வெள்ளைல இருந்து சாம்பலுக்கு மெதுவா மாறுற பனிய 8 பிட் லொக்ல (பின்னால கலர் பண்றதுக்குன்னே வெளிறுன மாதிரி பதியிற முறை) எடுத்து கலர் பண்ணி பாருங்க, வானத்துல பட்டை பட்டையா கோடு விழும், நுவரெலியா பக்கம் காலைல எடுத்தவங்களுக்கு தெரியும் நான் என்ன சொல்றேன்னு. ஃபோர்ல அது வழுவழுன்னு வருது.

ஆனா 4கே 60 எடுத்தா 1.5 மடங்கு வெட்டு. 28-75 லென்ஸ் போட்டிருந்தா 28 வந்து 42 மாதிரி ஆயிரும், படத்துல விழுற எடம் சுருங்கிரும். மண்டபத்துல பிரச்சினை இல்ல, தோட்டத்து சின்ன லயத்து வீட்டுக்குள்ள பொண்ணுக்கு நலுங்கு வைக்கிறத எடுக்கணும்னா? முதுகு செவத்துல முட்டும், அதுக்கு மேல எங்க போறது. வைட் லென்ஸ் இல்லாம ஸ்லோ மோஷன் ஆசைக்கு இத வாங்காதீங்க.

அப்புறம் லெப்டொப். 10 பிட் 4:2:2 எச்.265 (ரொம்ப சுருக்கி பதியிற வீடியோ முறை) ஃபைல பழைய மெஷின்ல போட்டா ப்ளே ஆகவே திக்குது. இன்டெல்னா 11வது தலைமுறைல இருந்து உள்ள கிராஃபிக்ஸே இந்த ஃபைல படிக்கும், அதுக்கு முந்தினதுல பெரும்பாலும் அந்த வசதி இல்ல, மெக்ல எம்1 இருந்தா ஓகே. இல்லாட்டி எல்லாத்துக்கும் ப்ரொக்ஸி (எடிட்டுக்கு மட்டும் போடுற சின்ன நகல் ஃபைல்) போட்டு தான் எடிட் பண்ணணும், சீசன்ல அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கும்போது ராத்திரி பூரா ப்ரொக்ஸி ஓடட்டும்னு விட்டா கரண்ட் போகாம இருக்கணும். ஆக பொடி வாங்குனா கூடவே லெப்டொப்பும், அதையும் சேத்து பாத்துட்டு தான் பேங்க் பக்கம் போகணும்.

சின்ன விஷயங்கள்ல ஃபோர்ல எனக்கு ஆசை வந்தது ரெண்டு. ஸ்கிரீன் பக்கத்துல தொறந்து திரும்புது, தேர் இழுக்குற கூட்டத்துல கைய தூக்கி நெட்டுக்குத்தா வீடியோ எடுக்க சூப்பர், த்ரீல அது மேல கீழ மட்டும் தான் சாயும். இன்னொண்ணு, ஓஃப் பண்ணுனா ஷட்டர் மூடிக்கிற மாதிரி வைக்கலாம், தோட்டத்து ரோட்டு தூசில லென்ஸ் மாத்துறவனுக்கு அது பெரிய நிம்மதி. புடிக்காதது சைலன்ட் ஷட்டர், அதாவது ஷட்டர் அசையாம சென்சராலயே சத்தமில்லாம எடுக்குறது. சென்சர் படிக்கிற வேகம் கம்மி, தப்பு மேளம் அடிக்கிறவங்க குச்சி வளைஞ்சு தெரியுது, எல்இடி லைட்டுக்கு கீழ கோடு விழுது, எல்ல ஒன்பது வளைவு பாலத்துல ஓடுற ட்ரெயின எடுத்தா பெட்டி சாயுது. இவ்வளவு வெலைக்கு இதாவது சரியா இருக்க வேணாமா? மெக்கானிக்கல் ஷட்டர்லயே எடுங்க.

பெட்டரி ரெண்டுக்கும் ஒண்ணே, எஃப்இசட் 100. ஆனா சோனி சொல்ற கணக்குப்படியே ஸ்கிரீன பாத்து எடுத்தா த்ரீ 710 படம், ஃபோர் 580. சிவனொளிபாதமலை 2,243 மீட்டர், விடிகாலைல அந்த குளிர்ல இன்னும் கொறையும். நல்லதண்ணில இருந்து ஏறும்போது ஸ்பெயார் பெட்டரிய பேக்ல போடாம ஜெர்சிக்கு உள்பாக்கெட்ல வைங்க.

பொடிய பத்தி இவ்வளவு பேசுறோம், லென்ஸ்ல பங்கஸ் புடிச்சிருக்கான்னு யாரும் டோர்ச் அடிச்சு பாக்குறதில்ல. மழை மாசத்துல அலமாரில இருக்கிற சப்பாத்துக்கே பூஞ்சணம் புடிக்கிற ஊரு இது. ட்ரை கெபினட் ஒண்ணு வாங்கி ஈரப்பதம் 40, 45ல வைங்க, முடியாட்டி காத்து போகாத ப்ளாஸ்டிக் பெட்டில சிலிக்கா ஜெல் போட்டு மாசத்துக்கு ஒருக்கா ஜெல்ல காய வைங்க. நான் பொடிக்குன்னு சேத்த காசுல முதல்ல கெபினட் தான் வாங்குனேன், மிச்சத்துல 85 எஃப் 1.8. அந்த லென்ஸ்ல எடுத்த படத்த பாத்துட்டு கெமரா மாத்திட்டீங்களான்னு கேட்டவங்க இருக்காங்க. வீடியோ ஓடர் வர்ற நாளைக்கு மட்டும் ஃபோர் வாடகைக்கு, அந்த வாடகைய பில்லுலயே போட்டுருவேன்.

இல்ல, வாங்கியே ஆகணும்னா பாவிச்சது பாருங்க. கொழும்புக்கு போறதுக்கு முன்னுக்கே அந்த பொடில எடுத்த ஒரிஜினல் ஜேபெக் ஒண்ணு அனுப்ப சொல்லி ஷட்டர் கவுண்ட் (இதுவரைக்கும் எத்தன தடவ ஷட்டர் அடிச்சிருக்குங்கிற கணக்கு) பாத்துக்கங்க, வட்ஸ்அப்ல படமா அனுப்புனா அந்த விபரம் அழிஞ்சிரும், டொகியுமென்டா அனுப்ப சொல்லணும். த்ரீயோட ஷட்டர் ரெண்டு லட்சம் தடவைக்குன்னு சோனி சொன்னது, உங்க பழசு அதுல எவ்வளவு ஓடிருக்குன்னும் பாருங்க, விக்கிறப்ப அவனும் அதத்தான் கேப்பான். ஏஜென்ட் வொரண்டியா கடை வொரண்டியான்னு பில்லுல எழுதி வாங்குங்க. கடைலயே எஃப் 16ல வெள்ளை செவத்த ஒரு படம் எடுத்து பெரிசாக்கி பாத்தா சென்சர்ல இருக்கிற புள்ளியெல்லாம் தெரிஞ்சிரும், ரெண்டு கார்ட் ஸ்லொட்லயும் கார்ட போட்டு பாக்காம காச குடுக்காதீங்க.