3000 மி.மீ. என்று போட்டிருந்த தார்ப்பாய்: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

காட்டில் தங்குவதற்கு இலேசான தார்ப்பாய் ஒன்றைக் குறைந்த விலையில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னை ஏமாற்றி ஒரு தார்ப்பாயை விற்றுவிட்டார்கள். பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். என் அக்காள் மகனுக்குப் பதினொரு வயது. மாமாவை நம்பி முதன்முறையாகக் காட்டுக்கு வந்த பையன், விடிய விடிய நடுங்கினான். அதை என்னால் மறக்க முடியவில்லை.

விளம்பரத்தில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். அளவு 3 மீட்டருக்கு 3 மீட்டர். எடை 450 கிராம். இரு பக்கமும் சிலிகான் பூசிய நைலான். நீரைத் தாங்கும் திறன் 3000 மி.மீ. தையல்கள் ஆலையிலேயே டேப் ஒட்டி அடைக்கப்பட்டவை. விலையோ, இதே தரத்தைச் சொல்லி விற்கும் மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு. கீழே நூற்றுக்கணக்கானோர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். இருவர் போகும் பயணத்தில் கூடாரத்தின் சுமையைக் குறைக்கத் தார்ப்பாய் நல்ல வழி என்பதால் உடனே வாங்கிவிட்டேன். பொருள் வந்ததும் பையைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. மடித்து உள்ளே வைத்துவிட்டேன். பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அந்த ஒரு மாதம்தான் விற்றவருக்குக் கை கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு மரங்களுக்கு நடுவே முகட்டுக் கயிற்றைக் கட்டி, தார்ப்பாயை அதன்மேல் போட்டு, இரு பக்கமும் சரித்து முளை அடித்தோம். கட்டும்போதே ஏதோ குறைவதுபோல் இருந்தது. இரண்டு பேர் தாராளமாகப் படுக்க வேண்டிய இடத்தில் தோளோடு தோள் இடித்தது. கயிற்றை உயரமாகக் கட்டிவிட்டேனோ என்று அவிழ்த்து இறக்கிக் கட்டினேன். இருட்டிக்கொண்டு வந்ததால் அதற்குமேல் யோசிக்கவில்லை.

முதலில் தூறல்தான். பையன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உறங்கிப்போனான். நள்ளிரவுக்குச் சற்றுமுன் மழை வலுத்தது. கொஞ்ச நேரத்தில், "மாமா, முகத்தில் தண்ணீர் விழுகிறது" என்று எழுந்து உட்கார்ந்தான். விளக்கை ஏற்றிப் பார்த்தேன். முகட்டின் நடுவே ஓடிய தையல் முழுவதும், கோடு போட்டதுபோல், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துணி ஆலையிலிருந்து பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அகலச் சுருளாகத்தான் வரும். மூன்று மீட்டர் தார்ப்பாய் வேண்டுமென்றால் இரண்டு துண்டுகளை நடுவில் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்தத் தையல்தான் முகட்டின்மேல், படுத்திருப்பவர்களின் தலைக்கு நேரே வந்து உட்கார்கிறது. ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு துளை. டேப் ஒட்டியதாகச் சொன்ன இடத்தில் விரலை வைத்துத் தடவினேன். வெறும் தையல்.

நீர்குடுவையையும் சமையல் பாத்திரத்தையும் கீழே வைத்துச் சமாளித்தோம். பிறகு காற்று கிளம்பியது. மூன்றாவதோ நான்காவதோ வீச்சில், தலைமாட்டுப் பக்கத்து மூலை படாரென்று பிய்ந்தது. கயிறு அறவில்லை, முளையும் பிடுங்கிக்கொள்ளவில்லை. மூலையில் அடித்திருந்த உலோக வளையம் துணியைக் கிழித்துக்கொண்டு தனியாக வந்துவிட்டது. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தபோது புரிந்தது: வளையத்தின் அடியில் தடித்த ஒட்டுத் துணி எதுவும் இல்லை. ஒரே ஒரு மடிப்பில் ஓட்டை போட்டு வளையத்தை அழுத்தியிருக்கிறார்கள்.

அடித்துக்கொண்டிருந்த மூலையைப் பிடித்து, துணிக்குள் ஒரு சிறு கல்லை வைத்துச் சுற்றி, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு மறுபடி இழுத்துக் கட்டினேன். (வளையம் பிய்ந்தால் இதுதான் கைகண்ட வழி, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) அதற்குள் பையனின் உறக்கப்பை நனைந்துவிட்டது. உள்ளே இருந்தது இறகு. இறகு நனைந்தால் கட்டிதட்டிப் போகும், சூட்டைப் பிடித்து வைக்காது. பற்கள் கிட்டிக்கொண்டன. சட்டைப் பொத்தானை அவனால் அவிழ்க்க முடியவில்லை. நான்தான் ஈரத்தைக் கழற்றி, காய்ந்த உடை மாட்டி, என் உறக்கப்பைக்குள் அவனை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடல் குளிர்ந்து ஆபத்தாவதற்குப் பனி பெய்ய வேண்டும் என்பதில்லை. பத்து டிகிரிக் குளிரில், நனைந்த உடையும் காற்றும் போதும். விரல் மரத்துப் பிடி தவறுவதும், பேச்சு குழறுவதும் அறிகுறிகள். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை மிக மோசம். அன்றிரவு பையனிடம் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன், பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. விடிந்ததும் முதல் வேலையாக இறங்கிவிட்டோம். அவன் நலமாக இருக்கிறான்.

வீட்டுக்கு வந்து தார்ப்பாயைக் காயவைத்து, அளவுநாடாவும் தராசும் எடுத்தேன். 2.82 மீட்டருக்கு 2.80 மீட்டர். எடை, கயிறுகள் இல்லாமலேயே, 690 கிராம்.

அளவில் இருபது சென்டிமீட்டர் குறைவது பெரிய குறையா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முகட்டை 1.1 மீட்டர் உயரத்தில் கட்டி இரு ஓரங்களும் தரையைத் தொடும்படி சரித்தால், 3 மீட்டர் தார்ப்பாய்க்கு அடியில் 2.04 மீட்டர் அகலம் கிடைக்கும். 2.80 மீட்டர் தார்ப்பாய்க்கு 1.73 மீட்டர்தான். துணியில் இருபது குறைந்தால் படுக்கும் இடத்தில் முப்பது குறைகிறது. தோள் இடித்தது இதனால்தான். மடித்துத் தைப்பதற்கு முன் வெட்டிய அளவையே விற்கும் அளவாகப் போடும் பழக்கம் தார்ப்பாய் வியாபாரத்தில் உண்டு. "தைத்து முடித்தபின் அளவு என்ன?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எடைதான் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. 9 சதுர மீட்டருக்கு 450 கிராம் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிராம். மெல்லிய சிலிகான் நைலானுக்கு அது பொருந்துகிற எடை. என் கையில் இருந்ததோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 87 கிராம். இது வேறு துணி. உறுதி செய்ய ஒரு துண்டு செலோடேப்பை ஒட்டிப் பார்த்தேன். சிலிகான் பூச்சின்மேல் சாதாரண டேப் பிடிக்காது, தானாகவே கழன்று விழும். இதிலோ இறுகப் பிடித்து, உரிக்கும்போது பூச்சையும் பொடியாகக் கொண்டுவந்தது. பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கை மெலிதாகப் பூசிய பாலியெஸ்டர் அது.

இதைக் கண்டபிறகு விளம்பரத்தை மறுபடி படித்தேன். பொய் அந்த வரிகளிலேயே இருந்தது. "இரு பக்கமும் சிலிகான்" என்கிறார்கள், "தையலில் டேப்" என்றும் சொல்கிறார்கள். இரு பக்கமும் சிலிகான் இருந்தால் தையலை அடைக்கும் வழக்கமான டேப் அதில் ஒட்டாது. அதனால்தான் அத்தகைய தார்ப்பாய்களை வாங்குகிறவர்கள் சிலிகான் பசையைத் தையலில் தடவிக் காயவைத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதுகிறவருக்குத் தாம் விற்கும் பொருளைத் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார். கீழே சிறிய எழுத்தில் 210 என்று ஓர் எண்ணும் இருந்தது. இழையின் தடிமனைக் குறிக்கும் டெனியர் என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது ஒரு சதுர அங்குலத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழைகளின் எண்ணிக்கை. மிக மெல்லிய நூலில் நெய்த துணிக்கும் அந்த எண் வரும்.

அந்த 3000 மி.மீ.? ஒரு துணியின்மேல் குழாயை நிறுத்தி மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினாலும் அடியில் கசியாது என்பது அதன் பொருள். அதுவும் தையல் இல்லாத வெறும் துணித் துண்டை வைத்துச் சோதிக்கும் எண். அந்த எண் உண்மையாகவே இருந்தாலும், அடைக்காத தையலுக்கு அது எந்த உறுதியும் தருவதில்லை. எனக்கு வந்த துணிக்கு அந்த எண்ணே பொருந்தவில்லை. ஒரு பக்கெட்டின் வாயில் துணியைக் குழிவாகக் கட்டி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். காலையில் துணியின் அடிப்பக்கம் வியர்த்திருந்தது. விரலால் அழுத்தினால் துளிர்த்தது.

விற்றவருக்குப் படங்களுடன் எழுதினேன். முதல் பதில்: "நீங்கள் சரியாகக் கட்டவில்லை." அளவுநாடா வைத்த படத்தை அனுப்பியதும்: "திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது, பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம்." விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன். அவர்களும் நாள் கணக்கைத்தான் காட்டினார்கள். நடந்ததை மதிப்பீட்டுப் பகுதியில் விரிவாக எழுதினேன். மறுநாளே விற்றவரிடமிருந்து கனிவான செய்தி வந்தது: எழுதியதை நீக்கினால் பாதிப் பணம் தருகிறார்களாம். நீக்கவில்லை. அந்தப் பாதிப் பணத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டால், அடுத்த பயணத்தில் இன்னொரு பிள்ளையின் முகத்தில் அந்தத் தண்ணீர் விழும்.

அப்போதுதான் பழைய மதிப்பீடுகளைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். "வெளிச்சம் பிரமாதம்", "பேட்டரி நீண்ட நேரம் நிற்கிறது" என்று இருந்தன. தார்ப்பாய்க்கு ஏது பேட்டரி? தலையில் மாட்டும் விளக்கு ஒன்றை விற்ற பக்கத்தில் படத்தையும் பெயரையும் மாற்றி, அதற்கு வந்த நட்சத்திரங்களோடு தார்ப்பாயை ஏற்றியிருக்கிறார்கள். தார்ப்பாயைப் பற்றி உண்மையில் எழுதியவர்கள் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் தையல் ஒழுகுகிறது என்றே சொல்லியிருந்தார்கள். மொத்த நட்சத்திரத்தைப் பார்த்தேன், அந்த ஒன்பதைப் பார்க்கவில்லை.

"விலை குறைந்ததை வாங்கினால் இப்படித்தான்" என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். காட்டுக்குப் போக ஆசைப்படுகிற எல்லோரிடமும் பெரும் பணம் இருக்காது. குறைந்த விலையில் உண்மையாக விற்கப்படும் பொருள்கள் இருக்கின்றன. எங்கும் கிடைக்கும் நீல நிறப் பாலிஎத்திலீன் தார்ப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கனமானது, காற்றில் சலசலக்கும், வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும், வளையமும் பலவீனம்தான். ஆனால் நல்ல இலேசான பொருள் என்று அது வேடம் போடுவதில்லை. சுமையைப் பொருட்படுத்தாவிட்டால் அதற்கடியில் நனையாமல் உறங்கலாம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால், பாலியூரிதேன் பூசிய பாலியெஸ்டர், தையலில் உண்மையாகவே டேப் ஒட்டியது, மூலைகளில் இரட்டைத் துணி வைத்து நாடா வளையம் தைத்தது போதும். நைலான் ஈரத்தில் நெகிழ்ந்து தொய்வதால் இரவில் எழுந்து கயிற்றை மறுபடி இறுக்க வேண்டிவரும். பாலியெஸ்டர் அவ்வளவு தொய்வதில்லை. எனக்கு வந்த அந்தத் துணியைக்கூட அதன் சொந்தப் பெயரில் விற்றிருந்தால், தையலுக்குப் பசை தடவி, மூலைகளை வலுப்படுத்தி, இடம் தெரிந்து பயன்படுத்தியிருப்பேன்.

ஆகவே பொருள் கைக்கு வந்த அன்றே, பையின் சீட்டைக்கூடக் கிழிக்காமல், தராசில் வையுங்கள். விரித்து நான்கு பக்கமும் அளந்து, அளவுநாடாவோடு படம் எடுங்கள். ஓரத்தில் டேப்பை ஒட்டிப் பாருங்கள். துணியில் வாயை வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் போனால் பூச்சே இல்லை என்று பொருள். நடுத்தையலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகள் தெரியும். மூலை வளையத்தில் விரலை மாட்டிப் பலமாக இழுங்கள். விளம்பரப் பக்கத்தையும் அன்றே படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள், அவர்கள் பிறகு மாற்றிவிடுவார்கள். சொன்னதற்கும் வந்ததற்கும் வேறுபாடு இருந்தால், திருப்பி அனுப்பும் காலத்துக்குள் அதைக் காட்டும்போது யாரும் மறுக்க முடியாது. நான் இழந்தது அந்த வாய்ப்பைத்தான்.

நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தார்ப்பாயின் பெயர் மாறியிருக்கிறது. நான் எழுதிய மதிப்பீட்டைக் காணவில்லை. படம் மட்டும் அதேதான்: இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய பச்சைத் தார்ப்பாய், அடியில் சிரித்தபடி ஒரு சிறுவன், பக்கத்தில் 3000 மி.மீ. என்ற பெரிய எழுத்து. அந்தப் படத்தைக் கண்டால் வாங்காதீர்கள்.